இறங்கிய பிறகு எப்படிப் போவது? – பாரிஸ் விமான நிலையப் பாதையின் கதை

அம்பத்தூரில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு கோரிக்கை வைத்தார். மகளின் பிரசவத்துக்காக அவரும் அவர் மனைவியும் பாரிஸ் போகிறார்கள். இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். "சார், மாப்பிள்ளைக்கு அன்னிக்கு லீவு கிடைக்கிறது சந்தேகமாம். நீங்க பாண்டிச்சேரியில பிரெஞ்சுப் படிப்பு படிச்சவர், ஒரு தடவை போயிட்டும் வந்திருக்கீங்க. ஏர்போர்ட்ல இறங்கி ஊருக்குள்ள எப்படிப் போறதுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்க" என்றார்.

எழுதினேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆனால் எழுத எழுத, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு 'ஏன்' இருப்பது நினைவுக்கு வந்தது. ஏன் விமான நிலையம் ஊரிலிருந்து 25 கி.மீ. தள்ளி இருக்கிறது? ஏன் ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு ரயில் நிலையங்கள்? ஏன் அந்த ரயில் நேராக ஈபிள் கோபுரத்தின் பக்கம் போகாமல், நம் சென்ட்ரலைப் போன்ற நெரிசலான ஒரு நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறது? இவை பாரிஸ்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய கேள்விகள் அல்ல. பரந்தூரில் ஒரு விமான நிலையம் வந்தால், அதற்கான பாதை நம் பூந்தமல்லியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் இந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கப்பலும் ரயிலும்

நான் சிறுவனாக இருந்தபோது புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கப்பலில்தான் போனார்கள். எங்கள் தெருவில் 'சொல்தா' குடும்பங்கள் சில இருந்தன. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மெஸாழ்ரி மாரித்தீம் கம்பெனிக் கப்பலில் ஏறி, சூயஸ் கால்வாய் வழியாக மார்செய் துறைமுகத்தில் இறங்க வாரக்கணக்கில் ஆகும். அங்கிருந்து ரயில் பிடித்தால் பாரிஸ் நகருக்குள் இருக்கும் 'கார் து லியோன்' நிலையம். 'கார்' என்றால் பிரெஞ்சில் ரயில் நிலையம். மெதுவான பயணம்தான். ஆனால் துறைமுகம் ஊரோடு ஒட்டி இருந்தது. இறங்கிய பிறகு எப்படிப் போவது என்ற கவலை அதிகம் இல்லை.

விமானம் வந்ததும் கணக்கு தலைகீழானது. வாரக்கணக்கு மணிக்கணக்கானது. அதே சமயம் விமானத்துக்குப் பரந்த சமவெளி வேண்டும், சத்தமும் அதிகம். அதனால் அது ஊருக்கு வெளியே போயிற்று. கப்பல் வந்த இடத்தில் ஏற்கெனவே ரயில் இருந்தது. விமானம் வந்த இடத்தில் வயல்தான் இருந்தது.

லிண்ட்பெர்க் ஊருக்குள் போன கதை

பாரிஸின் முதல் பெரிய விமான நிலையம், வடகிழக்கே உள்ள லெ பூர்ழே. முதல் உலகப் போரில் ராணுவ மைதானமாக இருந்து, 1919-ல் பொதுப் போக்குவரத்துக்கு வந்தது. நகர எல்லையிலிருந்து சில கிலோமீட்டர்தான்.

1927 மே 21 இரவு, சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து தனியாளாக முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்து அங்கேதான் இறங்கினார். அதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அவர் ஊருக்குள் எப்படிப் போனார் என்பது பாடத்தில் இல்லை. அவரைப் பார்க்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லெ பூர்ழேவுக்குத் திரண்டிருந்தார்கள். சாலை முழுக்கக் கார்கள், நகர முடியவில்லை. அட்லாண்டிக்கைத் தாண்டியவரைக் கூட்டத்தின் கண்ணில் படாமல் சில பிரெஞ்சு விமானிகள் ஒரு சிறிய ரெனோ காரில் ஏற்றி, சந்து பொந்து வழியாகப் பாரிஸுக்குள் அழைத்துப் போனார்கள். அவருக்குத் தங்க இடம் கொடுக்க வேண்டிய அமெரிக்கத் தூதர் மைரன் ஹெரிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, விருந்தாளிக்குப் பிறகுதான் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வானத்தில் வேகம் கூடக்கூடத் தரையில் தாமதம் பெரிதாகத் தெரியும் என்பதற்கு அந்த இரவே சாட்சி.

அதே 1927-ல் பெர்லின்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நகருக்குள்ளேயே இருந்த டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்துக்குச் சுரங்க ரயில் நிலையம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த யோசனை மற்ற ஊர்களுக்குப் போய்ச் சேர வெகுகாலம் ஆயிற்று. லண்டனை எடுத்துக்கொண்டால், 1958-ல் புதுப்பித்துத் திறந்த கேட்விக் விமான நிலையத்தில் ரயில் நிலையம் சேர்ந்தே இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஹீத்ரோவுக்கு பிக்காடில்லி சுரங்க ரயில் வந்து சேர்ந்தது 1977 டிசம்பரில்தான்.

ஊருக்குள் ஒரு விமான நிலையம்

இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் கையாண்ட வழி பஸ்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாரிஸில் ஏர் பிரான்ஸ் கம்பெனி, நகர மையத்தில் இருந்த இன்வாலிது என்ற பழைய ரயில் நிலையத்தைத் தன் நகர முனையமாக்கிக்கொண்டது. 1900-ம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய நிலையம் அது. பயணிகள் அங்கே வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறி விமானத்துக்குப் போவார்கள். திரும்பி வருபவர்களையும் அதே பஸ் நகருக்குள் இறக்கிவிடும். வெளியூர்க்காரனைப் பொறுத்தவரை விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்த மாதிரிதான்.

இன்று நினைத்தால் அது எத்தனை மரியாதையான ஏற்பாடு என்று தோன்றுகிறது. பயணச்சீட்டு வாங்கியவனை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை தன் பொறுப்பு என்று விமானக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பயணிகள் ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கானபோது அது கட்டுப்படியாகவில்லை.

இந்த விஷயத்தில் நம் மீனம்பாக்கத்துக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. விமானத்துக்காகப் போட்ட பாதை அல்ல அது. ஆனாலும் பக்கத்திலேயே ஓடியது. ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ யாரையாவது வழியனுப்பப் போனால், சென்ட்ரலில் இறங்கி, எதிரே உள்ள பார்க் ஸ்டேஷனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, மீனம்பாக்கம் வண்டி பிடித்தவர்கள் நம்மில் பலர். 1980-களில் புது டெர்மினல்கள் திரிசூலம் பக்கம் வந்தபோது, எதிரே திரிசூலம் நிலையம். உலகின் பெரிய நகரங்கள் பல அதற்காக ஏங்கிக்கொண்டிருந்த காலத்தில், நமக்கு அது இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் கிடைத்தது. அதன் அருமை நமக்குத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். வேன் எடுத்துக்கொண்டு, மாலையோடு, இருபது பேர் போனால்தானே நமக்கு வழியனுப்புவது.

ஓர்லி: 63 வருடக் காத்திருப்பு

பாரிஸின் இரண்டாவது விமான நிலையம் தெற்கே உள்ள ஓர்லி. அதன் பெரிய கண்ணாடிக் கட்டடத்தை 1961 பிப்ரவரியில் ஜெனரல் து கோல் திறந்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிஸ்வாசிகள் குடும்பத்தோடு போய் மொட்டைமாடியில் நின்று விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் வேடிக்கை பார்ப்பார்கள். 'ஓர்லியில் ஞாயிற்றுக்கிழமை' என்று கில்பேர் பெக்கோ ஒரு பாட்டே பாடினார்.

கட்டடம் பிரமாதம். ஆனால் நேரான ரயில் கிடையாது. 1991-ல் ஓர்லிவால் என்ற ஓட்டுநர் இல்லாத சின்ன ரயில் வந்தது. தனியார் முதலீடு. அது விமான நிலையத்திலிருந்து அந்தோனி என்ற புறநகர் நிலையம் வரைதான் போகும். அங்கே இறங்கி வேறு ரயில் மாற வேண்டும், கட்டணமும் அதிகம். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஓரிரு வருடத்திலேயே கம்பெனி நொடித்து, அரசுப் போக்குவரத்து நிறுவனமே அதை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. பெட்டியும் கையுமாக இருப்பவர்கள் வண்டி மாற விரும்புவதில்லை என்ற எளிய உண்மையைப் பெரும் பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டார்கள்.

கடைசியில் 14-ம் எண் மெட்ரோ, ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சற்று முன்னால், 2024 ஜூன் 24 அன்று ஓர்லியை எட்டியது. கட்டடம் திறந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 63 வருடம்.

ருவாசி: வயலுக்கு நடுவே

நண்பர் இறங்கப் போவது மூன்றாவது விமான நிலையத்தில். எல்லோரும் 'சார்லஸ் டிகால்' என்று சொல்வது. ஊர்க்காரர்கள் அந்தக் கிராமத்தின் பெயரால் ருவாசி என்பார்கள். கோதுமையும் சர்க்கரை பீட் கிழங்கும் விளைந்த சமவெளியில் சுமார் 3,200 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 8,000 ஏக்கர் எடுத்துக் கட்டினார்கள். பால் ஆந்த்ரூ என்ற இளம் கட்டடக் கலைஞர் வட்ட வடிவில் முதல் டெர்மினலை வடிவமைத்தார். 1974 மார்ச்சில் திறந்தார்கள்.

ரயில் அப்போது வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1976-ல்தான் பாரிஸின் 'கார் து நோர்' என்ற வடக்கு ரயில் நிலையத்திலிருந்து ருவாசிக்கு ரயில் விட்டார்கள். அந்த ரயிலும் டெர்மினல் வாசலுக்கு வரவில்லை. சற்றுத் தள்ளி நின்றது. அங்கிருந்து ஒரு இணைப்பு பஸ். பிரெஞ்சில் 'நவேத்' என்பார்கள். கைத்தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவுக்கும் அதே சொல்தான்.

இதற்குள் இரண்டாவது டெர்மினல் வளர்ந்துகொண்டே போனது. அதற்குக் கீழே இன்னொரு நிலையம் 1994-ல் திறந்தது. அங்கே அதிவேக ரயிலும் நிற்கும், புறநகர் ரயிலும் நிற்கும். அதனால்தான் இன்று இரண்டு நிலையங்கள். இரண்டையும் மற்ற டெர்மினல்களையும் இணைக்கும் இலவசக் குட்டி ரயில் 2007-ல் வந்தது. ஆக, முதல் டெர்மினலில் இறங்கியவர் பஸ் ஏறாமல் ரயிலுக்குப் போக, திறந்த நாளிலிருந்து 33 வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டு இலாகா, இரண்டு வோல்ட்

குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. ருவாசி ரயில், 'ஆர்.இ.ஆர். பி' என்ற தடத்தில் ஓடுகிறது. இதன் வடபகுதி பிரெஞ்சு தேசிய ரயில்வேயைச் சேர்ந்தது. தென்பகுதி பாரிஸ் மெட்ரோவை நடத்தும் நிறுவனத்தைச் சேர்ந்தது. வடக்கே மின்சாரம் 25,000 வோல்ட், நம் ஆவடி லைனில் ஓடுவதைப் போல. தெற்கே 1,500 வோல்ட். நம் பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ் வண்டிக்கு ஆரம்பத்தில் கொடுத்ததும் அதே 1,500 வோல்ட்தான்.

1980-களின் தொடக்கம் வரை, விமானத்தில் வந்தவர் வடக்கு நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். இரண்டு வோல்ட்டிலும் ஓடக்கூடிய பெட்டிகளை 1979-க்குப் பிறகு கட்டி இறக்கினார்கள். அதன் பிறகு ஒரே வண்டி வடக்கும் தெற்கும் போக ஆரம்பித்தது. ஆனால் வண்டி ஒன்றானாலும் இலாகா இரண்டுதானே? வடக்கு நிலையத்தில் ஒரு நிறுவனத்தின் ஓட்டுநர் இறங்கி, இன்னொரு நிறுவனத்தின் ஓட்டுநர் ஏறுவார். பயணிகள் காத்திருப்பார்கள். இந்த வழக்கம் 2009 வாக்கில்தான் நின்றது. இரண்டு வித மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதற்கு ஆன காலத்தைவிட இரண்டு அலுவலகங்களைச் சேர்த்து வைப்பதற்கு ஆன காலம் அதிகம். அரசாங்கக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

கார் து நோரில் ஒரு தமிழ்க் குரல்

நான் போனதும் 2009-ல்தான், ஓய்வு பெற்ற மறுவருடம். அக்கா குடும்பம் அங்கே இருக்கிறது. அக்கா மகனுக்கு அன்று வேலை. "மாமா, பி ரயில்ல ஏறி கார் து நோர்ல இறங்கி நில்லுங்க, நான் வந்துடறேன்" என்று போனில் சொல்லியிருந்தான். நமக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே என்ற தைரியத்தில் கிளம்பிவிட்டேன். பள்ளியில் கோர்னேய், ரசீன், லா ஃபோந்தேன் எல்லாம் மனப்பாடம் செய்தவன். ஆனால் ரயில் நிலையத்துப் பலகைகளும் டிக்கெட் இயந்திரமும் பேசுகிற பிரெஞ்சு வேறு. ரசீனின் நாடகத்தில் யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

டிக்கெட் வாங்கி, ரயிலேறி, இறங்கும் வரை எல்லாம் சரியாகவே நடந்தது. வெளியே போகும் கதவில்தான் சிக்கினேன். அந்த ரயிலில் உள்ளே போகும்போது காட்டிய டிக்கெட்டை வெளியே வரும்போதும் இயந்திரத்தில் செருக வேண்டும். நானோ குளிருக்குப் பயந்து சட்டை, ஸ்வெட்டர், கோட்டு என்று அடுக்கியிருந்தேன். டிக்கெட் எந்தப் பையில் போயிற்று என்று தெரியவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது. என்னை அறியாமல் "முருகா" என்றேன்.

"ஐயா, தமிழோ? அவசரமில்லை, ஆறுதலாப் பார்த்து எடுங்கோ" என்று பக்கத்தில் ஒரு குரல். முப்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்துத் தம்பி. வரிசையில் நின்றவர்களிடம் ஏதோ சொல்லி என்னை ஓரமாக நிறுத்தினார். டிக்கெட் சட்டைப் பையில் கிடைத்தது. அக்கா மகன் வரும் வரை கூடவே நின்றார். அவருடைய மாமா 1984-ல் வந்தவராம். "அந்தக் காலத்தில வந்த ஆக்களுக்கு மொழி தெரியாது, ஆரையும் தெரியாது. 'லா ஷப்பெல்' எண்ட ஒரு சொல் மட்டும் தெரியும். ஏர்போர்ட்டால வெளிய வந்து அங்க போய்ச் சேர்ந்தாப் போதும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் எண்டு மாமா சொல்லுவார்" என்றார்.

லா ஷப்பெல், கார் து நோரின் பின்பக்கத்தில், நடந்து போகிற தூரம். அங்கே இருக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் கார் து நோருக்கும் சுரங்க நடைபாதையே உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பகுதியில்தான் கடை வைத்தார்கள். ஃபோபூர் சேன் தெனி வீதியிலும், காய் வீதியிலும் இன்று முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கலாம், புடவையும் நகையும் வாங்கலாம். அந்தப் பகுதியில் 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், கோடை முடிவில் அந்த வீதிகளில் வருகிறது. தேங்காய் உடைத்த சாலையைப் பிரெஞ்சுக்காரர்கள் சுத்தம் செய்கிறார்கள்.

அவர்கள் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு வாடகை, பழைய கட்டடங்கள் என்று பல காரணங்கள் இருக்கலாம். என் கணிப்பில் ரயிலும் ஒரு காரணம். ருவாசியிலிருந்து வரும் வண்டி நகருக்குள் நுழைந்ததும் முதலில் நிற்கும் பெரிய நிலையம் அது. லண்டன் போக நினைத்தவர்கள் கலே துறைமுகத்துக்கு ரயில் ஏற வேண்டிய இடமும் அதுவே. 1985-ல் பிரிட்டன் இலங்கையர்களுக்கு விசா கட்டாயமாக்கிய பிறகு, தொடர்ந்து போக முடியாதவர்கள் பலர் பாரிஸிலேயே தங்கினார்கள். விமானத்தில் வந்து, ஒரே ரயில் ஏறி, இறங்கிய இடத்திலேயே ஒரு வாழ்க்கையைக் கட்டியிருக்கிறார்கள். அந்த ரயில் இல்லாமல் 25 கி.மீ. டாக்சிதான் வழி என்றிருந்தால், கையில் காசில்லாமல் வந்த அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

யாருக்காக ஓடும் ரயில்?

இப்போது ருவாசிக்கு இன்னொரு ரயில் தயாராகிக்கொண்டிருக்கிறது. பெயர் சி.டி.ஜி. எக்ஸ்பிரஸ். கார் து லெஸ்த் என்ற கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து 32 கி.மீ.; நடுவில் எங்கும் நிற்காமல் 20 நிமிடத்தில் போகுமாம். 2024 ஒலிம்பிக்குக்கு முடிப்பதாக இருந்தது 2027-க்குத் தள்ளிப்போயிற்று.

இதற்கு வடக்குப் புறநகர் மக்களிடமும் மேயர்களிடமும் எதிர்ப்பு கிளம்பியது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தினமும் வேலைக்குப் போக ஆர்.இ.ஆர். பி ரயிலில் நசுங்குகிறோம். அதைச் சரிசெய்யாமல், எங்கள் வீட்டு வாசல் வழியாக, எங்கள் ஊரில் நிற்காத ரயிலை விமானப் பயணிகளுக்காக ஏன் விடுகிறீர்கள்? மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. பெட்டிகளோடு வரும் விமானப் பயணிகள் தனி ரயிலுக்கு மாறினால் பழைய ரயிலில் இடம் கிடைக்கும்.

2025 ஜனவரி முதல், விமான நிலையத்துக்கான ரயில் டிக்கெட் 13 யூரோ ஆயிற்று. டாக்சிக்காரர்கள் புதியவர்களை ஊர் சுற்றிக் காட்டுவதைத் தடுக்க, 2016-லேயே ஒரே கட்டணம் என்று நிர்ணயித்தார்கள். அப்போது சேன் நதியின் வடகரைக்கு 50 யூரோ, தென்கரைக்கு 55. பிறகு ஏறியிருக்கிறது. ஆட்டோ மீட்டரோடு ஆயுள் முழுக்கப் போராடிய நமக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

மிராபெல்: ரயில் வராத விமான நிலையம்

பிரெஞ்சு பேசும் இன்னொரு ஊரின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கு வடமேற்கே மிராபெல் என்ற விமான நிலையத்தை 1975 அக்டோபரில் திறந்தார்கள். நகரிலிருந்து 50 கி.மீ.க்கு மேல். அதற்காகக் குடியானவர்களிடமிருந்து எடுத்த நிலம் சுமார் 97,000 ஏக்கர். அதிவேக ரயில் வரும், புது நெடுஞ்சாலை வரும் என்றார்கள். ரயில் வரவில்லை. நெடுஞ்சாலையும் பாதியில் நின்றது. உள்நாட்டு விமானங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பழைய தோர்வால் நிலையத்திலேயே இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்தவர் உள்நாட்டு விமானம் பிடிக்க, ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். பயணிகள் அலுத்துப்போய் டொரண்டோ வழியாகப் போனார்கள். 2004 அக்டோபரோடு மிராபெலில் பயணிகள் விமானம் நின்றது. பிறகு அந்த டெர்மினலையே இடித்தார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் காலி செய்த வீடுகளையும் கலைந்துபோன கிராமங்களையும் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பூந்தமல்லி வழியாக

பரந்தூர் அறிவிப்பு 2022 ஆகஸ்டில் வந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தேவைப்படும் நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் மக்கள் ஏரியும் வயலும் வீடும் போகிறதே என்று தொடர்ந்து போராடி வருகிறார்கள். அவர்கள் வேதனையை ஒதுக்கிவிட்டு இதைப் பேசக் கூடாது. நமக்கு வேகம் கிடைப்பதற்காக அவர்கள் கொடுக்கும் விலை அது.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான 26 கி.மீ. மெட்ரோ பாதையை, சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை இன்னும் சுமார் 44 கி.மீ. நீட்டும் திட்டம் இருக்கிறது. மீனம்பாக்கத்துக்கு மெட்ரோ வந்தது 2016 செப்டம்பரில்தான். அதன் பிறகு, அம்பத்தூர்க்காரர் திருமங்கலத்திலோ கோயம்பேட்டிலோ ஏறி, ஆலந்தூரில் மாறினால் விமான நிலையம் என்றாயிற்று. அந்த வசதி கிடைத்த சில வருடங்களிலேயே, விமானம் இன்னும் தூரமாகப் போகப் போகிறது.

பாரிஸில் ஓர்லியும் ருவாசியும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஓடுதளம் முதலில் வந்தது, ரயில் பிறகு வந்தது, இடைப்பட்ட வருடங்களின் சுமையைப் பயணியும் புறநகர்க்காரரும் சுமந்தார்கள். மாண்ட்ரியலில் ரயில் வரவே இல்லை. நாம் கேட்க வேண்டியது இரண்டே. முதல் விமானம் இறங்கும் நாளில் ரயிலும் ஓட வேண்டும். அந்த ரயில் பூந்தமல்லியிலும் திருமழிசையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நின்று, தொழிற்சாலைக்குப் போகிறவரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நானோ, இதைப் படிக்கும் உங்களில் பலரோ அதில் ஏறுவோமா என்பது ஆண்டவனுக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகள் ஏறுவார்கள்.

நண்பருக்கு எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டெர்மினலை விட்டு வெளியே அவசரப்பட்டு வர வேண்டாம். உள்ளேயே ரயில் படம் போட்ட பலகையைப் பார்த்துப் போங்கள். "டாக்சி வேணுமா" என்று உள்ளே வந்து கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள். முறையான டாக்சிக்கு வெளியே வரிசை உண்டு. ரயிலில் ஏறும் முன், அது நிற்காமல் போகும் வண்டியா, எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியா என்று மேலே உள்ள பலகையில் பாருங்கள். நேர் வண்டி அரை மணி நேரத்தில் கார் து நோருக்குக் கொண்டுபோய்விடும். டிக்கெட்டோ கார்டோ எதுவானாலும், வெளியே வரும் வரை கையிலேயே வைத்திருங்கள்.

கடைசி வரியாக இதையும் எழுதினேன்: "வழி தெரியாவிட்டால் கார் து நோரில் நின்று சத்தமாகத் தமிழில் பேசுங்கள்."

போய்ச் சேர்ந்த மறுநாள் நண்பர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டதாம், காரோடு வந்து நின்றாராம். சாலையில் நெரிசல், வீடு போய்ச் சேர இரண்டு மணி நேரம். "சார், நீங்க எழுதிக் கொடுத்த ரயில்லயே போயிருக்கலாம்" என்றார்.